திரையின் வலது ஓரம்

வியாழக்கிழமை பிற்பகல் நாலே காலுக்குச் செய்தி வந்தது. 1979 மார்ச் எட்டாம் தேதி. கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். கருப்புசாமி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியாரே, பொங்கியண்ணன் போயிட்டானுங்க. ஈரக்கையோட மோட்டார் ஸ்டார்ட்டரத் தொட்டுட்டான்."

பொங்கியண்ணன் கல்லூரியில் என்னோடு படித்தவன். இரண்டாம் வருஷம் அப்பா இறந்ததும் படிப்பை விட்டு, விவசாயம் பார்க்கக் காட்டுக்குத் திரும்பினான். கிணறு அவனுக்கும் பெரியப்பா மகன் கருப்புசாமிக்கும் பொது. கரண்டு இருக்கும் நேரத்தில் ஆளுக்கு நாலு மணி முறை. கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது ஆள் இல்லையென்றால் தண்ணீர் அடுத்தவன் காட்டுக்குப் போய்விடும். அதனால் பதினான்கு வருஷம் அவன் மோட்டார் ரூமைத் தாண்டி அதிகம் போனதில்லை. சந்தைத் திடல் மட்டும் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

அங்கே வருஷத்துக்கு இரண்டு தடவை பொருட்காட்சி வரும். காசு போட்டால் ஓடும் விளையாட்டு யந்திரங்கள் வரும். அவற்றைப் பற்றி எங்கள் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் பொங்கியண்ணன் விமர்சனம் எழுதினான். கப்பலைச் சுடும் யந்திரத்தைப் பற்றி இப்படி எழுதினான்: "எட்டாவது கப்பலுக்குப் பிறகு முதல் கப்பலே திரும்ப வருகிறது. குறி பார்க்க வேண்டியதில்லை, வரிசை ஞாபகம் இருந்தால் போதும்." கார் ஓட்டும் யந்திரத்தைப் பற்றி: "வளைவுகள் அருமை. ஆனால் பள்ளத்தில் விழுந்தால் மணி மட்டும் அடிக்கிறது, கார் நிற்பதில்லை. விழுந்தவனுக்கு ஒன்றும் ஆகாது என்றால் எதற்குப் பயப்பட வேண்டும்?"

"ஊரே கண்ண மூடிட்டு ஆடுது, நீ ஒருத்தன்தான் கண்ணத் தொறந்துட்டு ஆடறே. நாளைக்கு வராதே சாமி" என்று யந்திரக்காரர் கும்பிட்டார்.

பிப்ரவரிக் கடைசியில் கோயமுத்தூர்ப் பொருட்காட்சிக்கு டெலிவிஷன் பெட்டியில் ஆடும் டாங்கிச் சண்டை வந்தது. அதை ஒரே ஒரு தடவை ஆடிப் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கருப்புசாமியிடம் கேட்டான்.

"ஏனுங்கண்ணா, ஒரு நாளைக்கு என்ற மொறைய நீங்க பாத்துக்கோணும்."

"பாத்துக்கறேன். தண்ணி மட்டும் என்ற காட்டுக்குப் போகும். நீ டிவி பாத்துட்டு வர்ற வரைக்கும் உன்ற மொளகாச் செடி பொறுத்துக்குமாடா?"

அவன் முறைக்கு நான் நிற்கலாம்தான். முந்தின வருஷம் ஒரு தடவை அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது நின்றேன். மோட்டாரைப் போட்டதும் கருப்புசாமி வந்து நிறுத்தினார். பங்குக் கிணற்றில் வெளியாள் கை வைத்தால் பங்கைக் குத்தகைக்கு விட்டதாக அர்த்தம், முறை போய்விடும் என்றார். ஊர்ப் பெரியவர்களும் அதையேதான் சொன்னார்கள். நான் செய்த உபகாரத்தில் ஒரு பாத்தி கருகியது.

அதனால் மார்ச் நாலாம் தேதி ஞாயிறு, அவனுக்குப் பதில் நான் கோயமுத்தூர் போனேன். மாலையில் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து, பார்த்ததைச் சொன்னேன். இரண்டு டாங்கி, நடுவில் சுவர்கள், குண்டு சுவரில் பட்டுத் தெறிக்கும்.

"செரி. டாங்கிய வலது ஓரத்துக்கு ஓட்டுனா என்னாகுது? அங்கயே முட்டிட்டு நிக்குதா, இல்ல அந்தப் பக்கம் போயி இடது பக்கமா வருதா?"

"கவனிக்கலையே."

"என்னப்பா நீயி! ஆட்டமே அதுலதான இருக்குது. முட்டி நின்னா அது மூடுன ஒரு அறை. அந்தப் பக்கம் போனா அது வேற. முப்பது மைல் போயிச் சுவத்தப் பாத்துட்டு வந்திருக்கியே!"

அடுத்த ஞாயிறு கடைசி நாள், போய் அதை மட்டும் பார்த்து வருகிறேன் என்றேன். "மறந்தறாத" என்றான்.

நாலாவது நாள் இறந்தான். அன்று அவன் முறையில் இன்னும் ஒன்றரை மணி பாக்கி இருந்தது. மோட்டாரைப் பழுது பார்த்த பிறகு கருப்புசாமி அந்த ஒன்றரை மணியையும் அவன் மிளகாய்க் காட்டுக்கே பாய்ச்சினார். வரப்பில் நின்று நான் பார்த்தேன்.

ஞாயிறன்று நான் கோயமுத்தூர் போகவில்லை. பொருட்காட்சி முடிந்து யந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மார்ச் இதழின் ஏழாம் பக்கம் என்னிடம் இருக்கிறது. "பார்த்தவர் சொன்னபடி" என்று தொடங்கிப் பதினோரு வரி எழுதியிருக்கிறான். பன்னிரண்டாவது வரியில் "வலது ஓரத்துக்குப் போன டாங்கி" என்று எழுதி, மேலும் இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறான்.