பெரிய வியாழனில் என் வலது கால்

பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக, பங்குத்தந்தை பன்னிரண்டு பேரை உட்கார வைத்துப் பாதம் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரைத் திரட்டுவது ஏழு வருடமாக என் வேலை. ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் ஒருவர் பெயரை வாங்கி, முந்தின ஞாயிறு முன்வரிசை பெஞ்சில் உட்கார வைத்து ஒத்திகை பார்ப்பேன். துண்டு பன்னிரண்டு, கீழே விழுந்தால் மாற்ற இரண்டு. செம்பு ஒன்று, தாம்பாளம் ஒன்று.

"வலது கால் மட்டும். ஃபாதர் வந்து மண்டி போட்ட பிறகுதான் நீட்டணும். வலது கால்னா வலது கால்தான்" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வேன்.

வருகிறவர்கள் எல்லாரும் வீட்டிலேயே காலைக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். சோப்புப் போட்டு, குதிகாலைக் கல்லில் தேய்த்து, நகம் வெட்டி வருவார்கள். ஒரு வருடம் ஒருவர் பவுடர் வேறு போட்டு வந்ததில் தாம்பாளத் தண்ணீர் பாலாகிவிட்டது. அழுக்குக் காலை ஃபாதரிடம் எப்படி நீட்டுவது என்ற கூச்சம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆண்டவரிடம் போகிறவன் தன்னைச் சரிசெய்துகொண்டுதான் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

நான் தணிக்கைத் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். சேலையூரில் எங்கள் தெருவில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஆடிட்டர் சார் வீடு என்றால் காட்டுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று பயந்து நானும் அதை விடவில்லை. கோயிலில் நாற்காலிகளை எண்ணுவேன், ஓடாத மின்விசிறிகளை எண்ணுவேன், தாமதமாக வருகிறவர்களை எண்ணுவேன். நற்கருணை அப்பம் வாங்கிக்கொண்டு வந்து மண்டியிட்டதும், அந்த வாரம் கோயிலுக்காகச் செய்ததையெல்லாம் ஆண்டவருக்கு வரிசையாக ஒப்பிப்பேன். அவர் என்னுள்ளும் நான் அவருள்ளும் இருக்கும் நேரம் அது என்று சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அந்த நேரத்தில் அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் சர்க்கரை நோயால் என் வலது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரலை எடுத்துவிட்டார்கள். மனைவிக்கும் மகனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. எங்கள் கோயிலுக்குள் செருப்புப் போட்டுப் போக முடியாது என்பதால் சாக்ஸ் போட ஆரம்பித்தேன். ஏப்ரல் மாதத்தில், ஜனங்கள் கையில் அகப்பட்ட காகிதத்தால் விசிறிக்கொண்டிருக்கும்போது, நான் மட்டும் சாம்பல் நிறச் சாக்ஸோடு நடப்பேன். கேட்டவர்களிடம் தரை ஒத்துக்கொள்ளவில்லை என்பேன். ஊரார் கணக்கில் குறை பிடித்தே பெயர் வாங்கியவன், என்னிடம் ஒன்று குறைவதை எப்படிக் காட்டுவேன்?

இந்த வருடம் பூசைக்கு அரை மணி இருக்கும்போது ஃபோன் வந்தது. பன்னிரண்டு பேரில் ஒருவர், திருமுடிவாக்கம் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுகிறவர்.

"சார், லோடு ஏத்திக்கினு கீறோம் சார். முடிச்சாதான் வுடுவாங்களாம். என்ன மன்னிச்சுக்கங்க சார்."

ஃபாதர் பூசை உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். என் மகனைவிடச் சின்னவர்.

"பதினொண்ணுதான் இருக்கு ஃபாதர். வெளியே போய் யாரையாவது பிடிச்சிட்டு வர்றேன்."

"எதுக்கு சார்? நீங்க உக்காருங்க."

"நான் ஏற்பாடு பண்றவன் ஃபாதர்."

"ஏற்பாடுதான் முடிஞ்சிடுச்சே."

"இல்ல, என் கால்..."

"எல்லாருக்கும் கால்தான் சார்" என்று சிரித்தபடி இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவியிடம் போய்க் குனிந்து விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. சாக்ஸைக் கழட்டுங்க. சாக்ஸுக்கா பாதம் கழுவப் போறாரு?"

"இடது காலை நீட்டிடலாம்னு பாக்கறேன்."

"நீட்டுங்க, நீட்டுங்க. ஆண்டவருக்கு எது வலது எது இடதுன்னு தெரியாது, பாவம்."

இடது சாக்ஸை மட்டும் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கேம்ப் ரோடில் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"இன்னா சார், இன்னிக்கு நம்ம செட்டா? அப்ப எங்கள யாரு மெரட்றது?"

பிரசங்கம் முடிந்தது. ஃபாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் ஆளின் முன் மண்டியிட்டார். தண்ணீர் ஊற்றி, துடைத்து, குனிந்து பாதத்தை முத்தமிட்டார். பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தது. எட்டு, ஒன்பது, பத்து. ஆட்டோக்காரர் பதினொன்று. என் முன் வந்து மண்டியிட்டதும் நான் இடது காலை நீட்டினேன்.

"சார், வலது கால் சார்" என்று ஆட்டோக்காரர் கிசுகிசுத்தார். "நாலு தபா சொன்னீங்களே!"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். காலை இழுத்துக்கொண்டேன். ஃபாதர் செம்போடு காத்திருந்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது, துடைத்துக்கொள்ளக் கை காலியில்லை. பன்னிரண்டாவது முறையாக அந்தத் தரையில் மண்டி போட்டிருக்கிறார். முழங்கால் வலிக்காமலா இருக்கும்? ஆனாலும் அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. நான் நீட்டும் வரையில் அப்படியே இருப்பார் என்று தெரிந்தது.

சாக்ஸைக் கழற்றினேன்.

தண்ணீர் விழுந்தது. துண்டு விரல்களைத் துடைத்து வந்து, அந்த இடைவெளியில் ஒரு நொடி நின்றது. பிறகு அந்த இடத்தையும் துடைத்தது. குனிந்து முத்தமிட்டார். மற்றப் பதினொரு பேருக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவேதான். கூடுதலாக இரக்கமும் இல்லை, அருவருப்பும் இல்லை. இந்த மாதிரி விஷயத்தில் என் கவனம் தப்பாது. எழுந்து போய்விட்டார்.

நற்கருணை வாங்க வெறுங்காலோடு நடந்தேன். திரும்பி வந்து மண்டியிட்டு, வழக்கம்போல ஆரம்பித்தேன். ஆண்டவரே, துண்டு பதினான்கு, செம்பு ஒன்று. அதற்கு மேல் ஓடவில்லை. நற்கருணையாக என்னிடம் வந்திருக்கிறவர் ஆடிட்டரைப் பார்க்க வரவில்லை என்று தோன்றியது. என்னில் யாரும் பார்க்கக் கூடாது என்று நான் மூடி வைத்திருந்த இடம் ஒன்றுதான். நேராக அங்கேதான் வந்திருந்தார். உயிர்த்தெழுந்த பிறகும் அவர் ஆணித் துளைகளோடேதான் சீடர்களிடம் வந்தார். அதைக் காட்டித்தான் தாம் யாரென்று தெரியப்படுத்தினார். வருடா வருடம் கேட்கும் வாசகம்தான். அவரோடு ஒன்றாகிவிட்டவன் நான் என்றால் அந்தக் காலும் அவருடையதுதான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எனக்கு இருந்த பெயர்களில் எதுவும் அப்போது தேவைப்படவில்லை. வெகுநேரம் மண்டியிட்டபடியே இருந்தேன். மின்விசிறிகளைக்கூட எண்ணவில்லை.

வெளியே செருப்பு விடும் இடத்தில் ஆட்டோக்காரர் நின்றிருந்தார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த வெரலு இன்னா ஆச்சு?"

"சுகர். எடுத்துட்டாங்க" என்றேன். வெளி ஆளிடம் முதல் தடவையாகச் சொல்கிறேன். சொல்ல இரண்டு வார்த்தைதான் ஆனது.

"எங்கம்மாவுக்கு ரெண்டு போச்சு சார். அதுலேர்ந்து வூட்ட வுட்டு வரதே இல்ல. பூசைக்குக் கூப்ட்டா, எல்லாம் காலப் பாப்பாங்கன்னு அழுவுது."

"ஈஸ்டருக்குக் கூட்டிட்டு வாங்க. என் பக்கத்துல உக்காரட்டும். என்னுது ஒன்பது, அவங்களுது எட்டு. பாக்கறவங்க பதினேழையும் சேத்துப் பாத்துக்கட்டும்."

"ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் பின்னால் வந்து நின்ற என் மனைவி.

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அது பேஜார் புடிச்ச கெழவி சார். நான் சொன்னா கேக்காது. நீங்க வேணா வூட்டாண்ட வந்து உங்க காலக் காட்டுங்க, நம்பும்."

வருகிறேன் என்றேன். மாடம்பாக்கத்தில் எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்று கேட்டுக்கொண்டேன்.