பூப்பார்க்கப் போன கறை அக்கா

“அசையாதீங்க வாத்தியாரே” என்று சொல்லிவிட்டு என் சட்டைக் கையை நகத்தால் சுரண்டினார் கறை அக்கா. ஏழு மணி ரயில் வந்து நின்றுவிட்டது. எல்லோரும் முண்டியடித்து ஏறிக்கொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் நடைமேடையில் என் முழங்கையை ஆராய்ந்துகொண்டிருந்தோம். “காப்பின்னு நெனச்சேன். இது டீ. அதுவும் போன வாரத்து டீ.”

போன வாரம்தான். செவ்வாய்க்கிழமை. என் மனைவிக்கே தெரியாது.

எங்கள் வீட்டுக்குக் கீழே அக்கா டிரை கிளீனிங் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. யாரைப் பார்த்தாலும் முதலில் காலர், அப்புறம் கை விளிம்பு, அப்புறம் பாக்கெட் ஓரம். நேரம் மிச்சமிருந்தால் முகம். அதனால் முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதே இல்லை. “யாரு, அந்த நீலக் கோட்டா? காலர் பூரா தலைச்சாயம் வழியுமே, அவரா?” என்றுதான் எங்கள் வங்கி மேலாளரை அடையாளம் கண்டுகொள்வார். கடைக்குள் மூன்று இயந்திரங்கள். அவற்றில் ஒன்று எப்போதும் கோபித்துக்கொண்டு நின்றிருக்கும். தலைக்கு மேலே கம்பியில் பிளாஸ்டிக் உறை மாட்டிய துணிகள் வரிசையாகத் தொங்கும். இஸ்திரி மேசையிலிருந்து கிளம்பும் ஆவியில் அவருடைய மூக்குக்கண்ணாடி நாளெல்லாம் மங்கியிருக்கும். அதைத் துடைக்காமலேயே தலையைச் சாய்த்து அதன் மேல்விளிம்பு வழியாகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத் தப்பிய கறை இன்னும் பிறக்கவில்லை.

யார் வீட்டில் சண்டை, யார் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார், யார் புதிதாக லிப்ஸ்டிக் பூசுகிறவர்களோடு பழகுகிறார் என்பதெல்லாம் தெருவில் முதலில் அவருக்குத்தான் தெரியும். ஆனால் வாய் திறக்க மாட்டார். நான் ஒருமுறை துருவிக் கேட்டதற்கு, “கறையைத்தான் எடுப்பேன் வாத்தியாரே, கதையை எடுக்க மாட்டேன்” என்று சொல்லி என் கால்சட்டையை முகத்தில் எறியாத குறையாகக் கொடுத்தனுப்பினார்.

கணவர் போய் ஒன்பது வருடமாகிறது. அவரைப் பற்றிக் கேட்டால் கண் கலங்குவார் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். “நல்ல மனுஷன். பேனாவை மூடி பாக்கெட்ல வைக்க மட்டும் தெரியாது. இருபத்து மூணு வருஷம் மை எடுத்தேன். கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் பாக்கெட்ல மை. நர்சம்மா ரத்தம்னு நெனச்சு ஓடி வந்தாங்க. நீல கலர்ல யாருக்கும்மா ரத்தம் வரும்னு நான்தான் கேட்டேன்.” சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

இப்போது அக்காவின் மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு மாதத்தில் கிளம்பியாக வேண்டும். அம்மாவைத் தனியாக விட்டுப் போக மனசில்லை. அந்தப் பெண் என்ன செய்தாள் என்றால், தன் அலுவலகத்து லிப்டைப் பழுது பார்க்க வருகிற மனிதரைப் பிடித்துவிட்டாள். ஐம்பத்தெட்டு வயது, மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. லிப்ட் நடுவில் நின்றபோது உள்ளே மாட்டிக்கொண்ட அவளோடு, வெளியே நின்று நாற்பது நிமிடம் நிதானமாகப் பேச்சுக் கொடுத்தாராம். அந்த நாற்பது நிமிடத்தில் அவள் பயந்தாளோ இல்லையோ, அம்மாவுக்கு மாப்பிள்ளையை முடிவு செய்துவிட்டாள். ரயிலில் இரண்டரை மணி நேரம் போனால் ஒரு பெரிய பூந்தோட்டம். அங்கே இருவரும் சந்தித்துப் பேசட்டும் என்பது அவளுடைய ஏற்பாடு.

“பேசணும்னா கடைக்கு வரச் சொல்லு. நாற்காலி இருக்கு. பூ எதுக்குடி நடுவுல?” என்றார் அக்கா.

“கடையில நீ அவர் சட்டையைக் கழட்டச் சொல்லி மெஷின்ல போட்டுடுவ.”

மகளுக்கு அம்மாவைத் தெரியும். தனியாக அனுப்பினால் பாதியில் இறங்கித் திரும்பிவிடுவார் என்றும் தெரியும். அதனால்தான் மாடிவீட்டுக் கணக்கு வாத்தியாரான நான் காவலுக்குப் போக வேண்டியதாயிற்று.

மகளுக்கு இருந்த சந்தேகம் வீண்போகவில்லை. மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள்ளாகவே அக்கா எழுந்துவிட்டார். “மெஷினை அணைச்சேனான்னு ஞாபகம் இல்ல. நான் இறங்கறேன்.” நான் அவருடைய கைப்பையை எடுத்து மடியில் வைத்து இறுகக் கட்டிக்கொண்டேன். செல்லோடேப், எலுமிச்சம்பழம், உப்புப் பொட்டலம், பழைய பல்துலக்கி எல்லாம் அடங்கிய அந்தப் பையை விட்டுவிட்டு அவர் சொர்க்கத்துக்குக் கூடப் போக மாட்டார். “திருட்டு வாத்தியார்” என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். அடுத்த இரண்டு நிமிடத்தில், எதிரே இருந்த பெண்மணியின் பாவாடை விளிம்பில் படிந்திருந்த மாவைப் பார்த்து, “நீங்க பேக்கரியில வேலை பார்க்கறீங்களா?” என்று கேட்டுப் பேச்சில் இறங்கிவிட்டார். பேக்கரிதான். வெளியே வயலும் குளமும் காற்றாலையும் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை.

தோட்டத்து வாசலில் லிப்ட்காரர் நின்றிருந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். வெள்ளைச் சட்டை. அதன் மார்பில் நெடுக்காக இரண்டும் குறுக்காக ஒன்றுமாக மடிப்புக் கோடுகள்.

“அட்டைப் பெட்டியில இருந்து எடுத்து அப்படியே மாட்டிக்கிட்டு வந்திருக்கு பாருங்க. இஸ்திரி கூடப் போடல” என்று என் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு தோட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார் அக்கா.

லிப்ட்காரர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. “வாங்க. நான் எட்டு மணிக்கே வந்துட்டேன்.”

“எட்டு மணிக்கா? இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?”

“உள்ள போய் எல்லாத்தையும் பாத்துட்டு வந்துட்டேன்.”

“அப்ப இப்ப?”

“மறுபடி பாக்கலாம்.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘இது தேறுமா?’ என்று அந்தப் பார்வைக்குப் பொருள்.

உள்ளே கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் பூ. வந்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு படம் எடுத்தார்கள். கறை அக்காவோ ஒவ்வொரு பாத்தியின் முன்னும் நின்று குற்றப்பத்திரிகை வாசித்தார். “இந்தச் சிவப்பு டேலியா இருக்கே, பட்டுத் துணியில பட்டா முடிஞ்சது. ரோஜா பரவாயில்ல, குளிர்ந்த தண்ணியிலயே போயிடும். இந்த ஊதாப்பூ ரொம்ப மோசம், பாக்க சாதுவா இருக்கும், மறுநாள்தான் பழுப்பா தெரியும்.” பக்கத்தில் காதலியின் தலையில் ஊதாப்பூவைச் செருகப் போன இளைஞன் கையை இழுத்துக்கொண்டான். லிப்ட்காரர் மட்டும் கையைப் பின்னால் கட்டியபடி, “அப்படியா? அப்ப அந்த மஞ்சள்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் கேட்கக் கேட்க அக்காவின் குரல் ஏறிக்கொண்டே போனது. அரை மணி நேரத்தில் எங்கள் பின்னால் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். வழிகாட்டி என்று நினைத்திருப்பார்கள் போலும்.

லில்லிப் பாத்தியில்தான் அது நடந்தது. லிப்ட்காரர் குனிந்து ஒரு பூவை முகர்ந்தார். நிமிர்ந்தபோது மூக்கு நுனியிலும் வெள்ளைச் சட்டையின் மார்பிலும் செம்மஞ்சளாக மகரந்தம். பொடியைத் தட்டிவிடக் கையைத் தூக்கினார்.

“தொடாதீங்க!”

அக்கா போட்ட கூச்சலில் தோட்டமே திரும்பியது. யாரோ பூப்பறிக்கிறார்கள் என்று நினைத்து விசிலை ஊதிக்கொண்டே காவலாளி ஓடி வந்தார். “தட்டினாலும் போச்சு, தண்ணி பட்டாலும் போச்சு. அப்படியே நில்லுங்க” என்று சொல்லிவிட்டு அக்கா பையிலிருந்து செல்லோடேப்பை எடுத்தார். ஒரு துண்டைப் பல்லால் கடித்துக் கிழித்தார். சட்டை மேல் மெல்ல ஒட்டி, விரலால் ஒற்றி, நேராகத் தூக்கினார். பொடி டேப்போடு வந்தது. இன்னொரு துண்டு. இன்னொன்று. அவருடைய நெற்றி லிப்ட்காரரின் தாடைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. லிப்ட்காரர் மூச்சே விடவில்லை. காவலாளி விசிலை வாயிலேயே வைத்தபடி வேடிக்கை பார்த்தார். ஏழாவது துண்டில் சட்டை பளிச்சென்று ஆனது. பின்னால் நின்ற கூட்டம் கைதட்டியது.

மூக்கு மட்டும் அப்படியே இருந்தது. நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினார். “இருக்கட்டும். அழகா இருக்கு.”

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அந்த மனிதர் செம்மஞ்சள் மூக்கோடு தோட்டத்தைச் சுற்றினார். அந்த மூக்கோடு லிப்டின் கேபிள் கயிறு எப்படித் தேயும் என்று விளக்கினார். சிற்றுண்டிச் சாலையில் அதே மூக்கோடு மிகவும் கௌரவமாக சாண்ட்விச் சாப்பிட்டார். அவர் பேசும்போதெல்லாம் அக்கா குவளையை வாயில் வைத்து மறைத்துக்கொண்டார். தண்ணீர் தீர்ந்த பிறகும் மறைத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் லிப்ட்காரர் தொண்டையைச் செருமினார். “உங்க பொண்ணு சொன்னாங்க, உங்களுக்குச் சம்மதம்னு.”

அக்கா குவளையைக் கீழே வைத்தார். சிரிப்பு போய்விட்டது. “எனக்கு என்ன சம்மதம்னு எனக்கே தெரியாது, அவளுக்கு எப்படித் தெரியும்? இதோ பாருங்க. ஊருக்கெல்லாம் துவைக்கிறேன். அது தொழில். வீட்டுக்குப் போனா என் துணி மட்டும்தான். ஒன்பது வருஷமா அப்படித்தான். இன்னொரு ஆம்பளையோட அழுக்கைத் துவைக்க எனக்குத் தெம்பும் இல்ல, ஆசையும் இல்ல.”

லிப்ட்காரர் சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி உள்ளே இருந்த பனியனைக் காட்டினார். இளஞ்சிவப்பு. அழகான, சீரான, தோட்டத்து ரோஜாவே தோற்றுப்போகும் இளஞ்சிவப்பு.

“வெள்ளையா வாங்கினது. சிவப்புத் துண்டோட சேத்து ஊறப் போட்டுட்டேன். ஆறு பனியனும் இப்படித்தான் இருக்கு. என் துணியை நானேதான் துவைக்கிறேன். நல்லா வராது. ஆனா நான்தான் துவைப்பேன்.”

அக்காவின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “மூக்கு... மூக்கைத் தொடைங்க முதல்ல” என்றார்.

“தெரியும். அப்பவே கழிப்பறைக் கண்ணாடியில பாத்துட்டேன்.”

“பின்ன ஏன் தொடைக்கல?”

“நீங்க அதைப் பாத்துப் பாத்துச் சிரிச்சிட்டிருந்தீங்க. நல்லா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்.”

சிரிப்பு பட்டென்று நின்றது. அக்கா எழுந்தார். கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டு, பையையும் விட்டுவிட்டு, எதிரே இருந்த கண்ணாடிக் கூடத்துச் செடிகளுக்குள் விறுவிறுவென்று போய் மறைந்தார். பையை விட்டுவிட்டு அவர் போய் நான் பார்த்ததில்லை. பின்னாலேயே எழுந்த என்னை லிப்ட்காரர் கையமர்த்தினார். “விடுங்க சார். பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தா லிப்ட் சீக்கிரம் வராது. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க.” பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். பாதிதான் போனது. மீதி பரவிக் கன்னம் வரை வந்தது.

இருபத்தைந்து நிமிடம் கழித்து அக்கா வந்தார். கண் சிவந்திருந்தது. அழுதாரா, மகளைப் போனில் கூப்பிட்டுத் திட்டினாரா, இரண்டுமா என்று தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “டிரெயினுக்கு நேரமாச்சு” என்று மட்டும் சொன்னார். நிலையம் வரைக்கும் மூன்று பேரும் முன்பின் தெரியாதவர்கள் போல நடந்தோம். என் மனசுக்குள் அக்காவின் மகளிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை ஓடியது. எல்லா வாக்கியமும் ‘அது வந்தும்மா’ என்றே தொடங்கியது.

இரண்டே முக்கால் ரயிலில் கூட்டமில்லை. ஜன்னலோரம் அக்கா, அவர் எதிரே லிப்ட்காரர், நான் நடைபாதை ஓரம். வண்டி கிளம்பியதும் போன் அடித்தது. மகள். “என்னம்மா ஆச்சு?” என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது.

“பூவெல்லாம் நல்லா இருந்துச்சு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு நிறுத்தம் போனது. லிப்ட்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்து இருக்கையில் அவருடைய தோள்பை இருந்தது. அக்கா குனிந்து செருப்பைக் கழற்றினார். ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கைக்கு அடியில் தள்ளினார். “அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க” என்றார். லிப்ட்காரர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில், அவர் தொடைக்குப் பக்கத்தில், கறை அக்கா சொந்த வீட்டில் இருப்பவரைப் போல இரண்டு காலையும் தூக்கி நீட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடினார்.