குறிப்புக் கட்டத்தில் ஒரு சொல்

எங்கள் கடல் ஆய்வு நிலையத்தில் அவளுடைய சொந்தப் பெயர் செல்லாது. காத்தக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும். காலையில் வந்ததும், குடையை மடக்கும் முன்பே, "காத்து இருக்கா?" என்று கேட்பாள். ஊரே புயலுக்குப் பயந்தால் இவள் அமைதியான கடலுக்குப் பயப்படுவாள். கிறுக்கு என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

அவள் வேலை அப்படி. படகுத்துறையின் கோடியில் நின்று மூன்று வேளையும் தண்ணீரின் சூட்டையும் காற்றின் வேகத்தையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். காற்று அடித்தால் மேல்தண்ணீரும் கீழ்த்தண்ணீரும் கலந்து சூடு தணியும். காற்று நின்றால் வெயில் அத்தனையும் கடலிலேயே தங்கும். பவளப்பாறை வெளுத்துச் சாகும். பதினோரு வருஷம் எழுதி எழுதி அவளுக்கு இது மனப்பாடம்.

அந்தப் பாறையில் பவளக் கன்றுகளைக் கட்டி வளர்ப்பவர் அவள் புருஷன், நிலையத்துப் படகோட்டி. ஆயிரத்துக்கு மேல் இருக்கும், எல்லாம் அவர் கை பட்டவை.

இந்த வருஷம் பத்தொன்பது நாள் ஓர் இலை அசையவில்லை. தண்ணீர் முப்பத்தொன்றரை டிகிரி. கன்றுகளின் நுனி வெளுக்கத் தொடங்கியது. இன்னும் ஒரு வாரம் தாங்கினால் பெரிது என்றார் விஞ்ஞானி. காத்தக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னல் திரையையே பார்ப்பாள், அசைகிறதா என்று.

இருபதாம் நாள் அவள் புருஷன் கன்றுகளுக்கு நிழல்வலை கட்டப் படகில் தனியாகப் போனார். பதினொரு மணிக்குத் திரை அசைந்தது. காத்தக்கா சிரித்தபடி ஓடிப்போய் எழுதினாள்: மணிக்குப் பத்துக் கடல் மைல். அரைமணியில் பதினெட்டு. பிறகு முப்பது. படகுத்துறைப் பலகைகள் கிடுகிடுத்தன. ரேடியோவில் அவர் குரல் இல்லை, வெறும் இரைச்சல்தான்.

என் கையைப் பிடித்தாள்.

"நான்தான் கேட்டேன்," என்றாள். "இத்தனை நாளா நான்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

நான் ரேடியோவில் அவரை மறுபடி மறுபடி கூப்பிட்டேன்.

இரண்டு மணிப் பதிவுக்கு நேரமானது. முப்பத்தாறு என்று எழுதினாள். மேகம், மழை என்று மட்டுமே எழுத வேண்டிய குறிப்புக் கட்டத்தில் 'போதும்' என்று எழுதினாள்.

நாலரைக்குப் படகு வந்தது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கிடந்தாராம், உள்ளங்கை உரிந்திருந்தது. "கீழே தண்ணி குளிர்ந்துடுச்சு, பிழைச்சுக்கும்," என்றார் முதல் வேலையாக. அவரை அடிக்கக் கை ஓங்கியவள் அப்படியே கட்டிக்கொண்டு அழுதாள்.

பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. விஞ்ஞானி அந்தச் சொல்லைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

இப்போது மறுபடி காற்று நின்று ஒன்பது நாள். தண்ணீர் முப்பத்தொன்று. அவள் புருஷன் தினமும் வலை கட்டப் போகிறார். காத்தக்கா வந்து பேசாமல் குடையை மடக்குகிறாள். கேட்டால் வந்துவிடுமோ என்று பயம்; கேட்காவிட்டால் வராமலே போய்விடுமோ என்றும் பயம்.