இருவர் ஓட்டிய பேருந்து

எங்கள் வீட்டு விவகாரங்களைப் பொதுவில் எழுதுவது என் வழக்கமன்று. எனினும், எங்கள் தெருவே கைதட்டிய ஒரு வெற்றி உறவினர் வாயில் பலவாறாகத் திரிந்துவிட்டபடியால், நடந்ததை நடந்தவாறு எழுதிவைப்பது மூத்த மகனாகிய என் பொறுப்பாகிறது. அவ்வெற்றி ஒரு கணினி விளையாட்டில் கிட்டியது என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு மாணவன். என் தந்தையும் சித்தப்பாவும் ஒரே தறியில் நெய்தவர்கள். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக வரும் கோர்வைப் புடவையை ஒருவர் தனியே நெய்ய இயலாது. தறிக்குழியில் அமர்ந்து தந்தை உடலை நெய்வார். பக்கத்தில் அமர்ந்து சித்தப்பா கரைக்கு நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவார். ஒரு நாள் புடவை பார்க்க வந்த பட்டுக்கடைக்காரரிடம் தந்தை, "என் பக்கம் சுத்தமா இருக்குது. கரைதான் இழுக்குது" என்று சொல்லிவிட்டார். சொன்னது உண்மையாகவே இருக்கலாம். சொன்ன இடம் வெளியார் முன்னிலை. அன்றோடு சகோதரர்களிடையே பேச்சு நின்றது. ஒரு கலியாணப் புடவை பாதியில் தறியிலேயே கிடந்தது. அமாவாசை கழிந்ததும் பிள்ளையார்பாளையத்தில் தனி வீடு பார்த்துப் போய்விடுவதென்று சித்தப்பா முடிவு செய்திருந்தார். எனக்குச் சைக்கிள் கற்றுத்தந்தவர் அவர். அவர் இல்லாத வீட்டை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை.

அமாவாசையன்று தறிகளுக்கு ஓய்வு. அன்று காலை என் தாய்மாமன், புடவைக் கரைக்குக் கணினியில் டிசைன் வரைபவர், அந்தக் கணினியையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். புதிய டிசைன்களைக் காட்டத்தான் வந்ததாகச் சொன்னார். ஆனால் திரையில் விரிந்தது ஒரு மலைப்பாதை. அதில் ஒரு நெடுந்தூரச் சொகுசுப் பேருந்து. பயணிகளை அலுங்காமல் குலுங்காமல் ஊர் கொண்டு சேர்க்க வேண்டும். குலுங்கினால் மதிப்பெண் குறையும். கவிழ்ந்தால் ஆட்டம் முடிந்தது.

"ரெண்டு ஆள் ஓட்டுற வண்டி இது. ஒருத்தர் ஸ்டீரிங்கு, ஒருத்தர் பிரேக்கு" என்று மாமா விளக்கினார். எனக்கு அதில் வியப்பேதும் தோன்றவில்லை. புடவைக்கே இரண்டு ஆள் தேவையெனில், அத்தனை பெரிய பேருந்துக்குத் தேவைப்படாதா?

நானும் மாமாவும் ஓட்டினோம். முதல் வளைவிலேயே பள்ளத்தில் விழுந்தோம். மறுமுறையும் விழுந்தோம். வேடிக்கை பார்க்க வந்த தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். குடும்பத்துக்கு நேர்ந்த அவமானம் தந்தைக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளுடா" என்று என்னை எழுப்பிவிட்டு அமர்ந்தார்.

உடனே மாமா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் கை வலிக்குது மச்சான். பிரேக்குக்கு வேற ஆளப் பாருங்க. உள்ளே ஒருத்தர் சும்மாத்தானே குந்திக்கினு இருக்காரு?"

சித்தப்பா வெளியே வந்தார். யார் முகத்தையும் பாராமல் விசைப்பலகையின் மறுபுறம் அமர்ந்தார். பேருந்து புறப்பட்டது.

"டேய், வளைவு வருதுன்னு அவருகிட்ட சொல்லு" என்றார் தந்தை, என்னிடம்.

"வளைவு வர்றதுக்கு முன்னாடியே சொல்லணும்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றார் சித்தப்பா, அவரும் என்னிடம்.

இரண்டு அங்குல இடைவெளியில் நான் தூது போய்க்கொண்டிருந்தேன். அந்நேரம் பார்த்து எதிரே ஒரு லாரி முளைத்தது. தூதுக்கு அவகாசமில்லை.

"அமுக்குடா!" என்று தந்தை அலறினார்.

"அமுக்கிக்கினுதான் இருக்கேன், நீ ஸ்டீரிங்க ஒடிண்ணா!"

லாரி உரசாமல் போயிற்று. அதன்பிறகு என்னை எவரும் தேடவில்லை. "விடு", "பிடி", "இப்ப விடு" என்று தறியில் கொடுக்கும் அதே குரலைத் தந்தை கொடுத்தார். சித்தப்பாவின் விரல் அதற்கு இசைந்தது. பனி பெய்த மலையைக் கடந்தோம். ஒற்றைவழிப் பாலத்தைக் கடந்தோம். வாயில் நுழையாத பெயருடைய ஒரு நகரத்தின் நிலையத்தில் பேருந்து நின்றபோது முழு மதிப்பெண் திரையில் மின்னிற்று. பிள்ளைகள் விசிலடித்தனர். அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். தந்தை எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டி, போருக்குப் போய் வந்தவரைப்போல் நின்றார்.

"கடைசி எறக்கத்துல பிரேக்கு சுத்தமா இருந்துச்சுடா" என்றார், அத்தனை பேர் முன்னிலையில்.

நான் தெருக்கோடிவரை ஓடி எங்கள் வெற்றியை அறிவித்தேன்.

மறுநாள் காலை இருவரும் தறியில் இருந்தனர். பிள்ளையார்பாளையத்தைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. மாமா கணினியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பதே அன்று எனக்கிருந்த ஒரே துக்கம்.

பின்னாளில் கல்லூரி விடுதியில் ஒருவன் அதே பேருந்தை ஒற்றைக் கையால், தனியாக, முறுக்குத் தின்றபடியே ஓட்டிக்கொண்டிருக்கக் கண்டேன். பிரேக்குக்கு ஆள் வைக்காமல் ஓட்டுவது விதிமீறல் என்று கண்டித்தேன். அறை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் எனக்கு விளங்கிற்று. உடனே மாமாவைத் தொலைபேசியில் அழைத்து, என் தந்தையையும் சித்தப்பாவையும் இப்படி ஏமாற்றலாமா என்று கேட்டேன்.

"நல்லா கேட்ட போ!" என்று சிரித்தார் மாமா. "ஒத்த ஆளே ஓட்டலாம்னு உங்கப்பாவுக்கு அன்னைக்கே தெரியும். உங்க சித்தப்பாவுக்கும் தெரியும். தெரியாம இருந்தது நீ ஒருத்தன்தான்பா."