தவம் அண்ணனின் பிரிண்டரும் கவிழ்த்து வைத்த ஒரு தாளும்

தவம் அண்ணன் போய்விட்டார். வியாழக்கிழமை காலை, ட்ருகனினாவில் இருக்கும் அவர் வீட்டு கராஜில்... மாரடைப்பு.

இரண்டு நாளாக எல்லாரும் மெழுகுவத்திப் படமும் கும்பிடும் கையும் போடுகிறீர்கள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஆஸ்திரேலியா வந்து முதன்முதலில் வேலை பார்த்த வேர்ஹவுஸில், பார்சலுக்கு லேபிள் அடித்து ஒட்டுகிறவர் அவர். அவர் யாழ்ப்பாணம், படகில் வந்தவர். நான் மதுரை. அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசும் வேகத்தில் முக்கால்வாசி அவருக்குப் புரியாது. ஆனால் மத்தியானச் சாப்பாட்டைத் தினமும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம்.

பிறகு எனக்கு ஐடி வேலை கிடைத்து பொயிண்ட் குக் பக்கம் குடிவந்துவிட்டேன். ஒருநாள் போன்.

"பிள்ளை, வெளியில இருக்கிற சனமும் என்ர பிரிண்டருக்குக் கடதாசி அனுப்பக்கூடிய மாதிரிச் செய்யேலுமோ?"

"ஆமா அண்ணா, செய்யலாம். எதுக்கு?"

விசாவுக்காக அலைகிறவர்களுக்காம். லாயர் அனுப்பிய ஃபாரத்தைப் போனில் வைத்துக்கொண்டு, அச்சடிக்க இடமில்லாமல் திரிகிறவர்களுக்கு. அவரும் அப்படித் திரிந்தவர்தான். ஒரு லைப்ரரியில் தன் வாக்குமூலத்தை அச்சடிக்கக் கொடுத்தபோது கவுண்டரில் இருந்த ஆள் அதைப் படித்திருக்கிறான்.

"நிண்டு வாசிச்சவன் பிள்ளை. என்ர தம்பி செத்த கதையை... பேப்பர் வாசிக்கிற மாதிரி."

அந்தச் சனிக்கிழமையே போனேன். பிரிண்டரை வைஃபையில் சேர்த்து, அதற்கென்று ஓர் இமெயில் முகவரி எடுத்துக் கொடுத்தேன். உலகத்தில் எங்கிருந்து அந்த முகவரிக்கு ஃபைல் அனுப்பினாலும் அவர் கராஜில் தாள் வந்து விழும்.

சோதனைக்காகத் தெருமுனை வரை போய் ஒரு சாம்பார் ரெசிப்பி அனுப்பினேன். திரும்பி வந்தால், மனுஷன் அந்தத் தாளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "இது உங்கட கடதாசி. நான் பார்க்கேல்ல."

அதுதான் அவர் சட்டம். வருகிற தாள் எதுவானாலும் படிக்காமல் கவிழ்த்து, பக்கவாட்டு கேட்டில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுவிடுவார். ஆட்கள் வந்து தங்களுடையதை எடுத்துக்கொண்டு போவார்கள்.

அன்றைக்குத்தான் நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால், யார் அனுப்பியது என்று பெயர் போட்டு ஒரு தாள் வரும். அதை நிறுத்திவிட்டேன்.

"அது இல்லாட்டி ஆற்ற கடதாசி எண்டு எப்பிடிப் பிள்ளை பிரிக்கிறது?" யாருடைய தாள் என்று தெரியாதே என்ற கவலை அவருக்கு.

"சும்மா தாள் வேஸ்ட் அண்ணா. அவங்களே பார்த்து எடுத்துப்பாங்க."

நான் சொன்னதுதான் அது.

பிறகு அந்த முகவரி வாட்ஸ்அப் குரூப் குரூப்பாகப் போனது. பிறந்தநாள் அழைப்பிதழ், டியூஷன் கணக்குத் தாள், கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு யார் யார் காரில் வருகிறார்கள் என்ற லிஸ்ட்... எல்லாம் அவர் தலையில். வீட்டில் பிரிண்டர் வைத்திருக்கிறவர்கள்கூட அனுப்பினீர்கள். வெட்கமாக இல்லையா?

"முடியாதுன்னு சொல்லுங்க அண்ணா" என்று சண்டை போட்டேன். "அதுக்குள்ள ஆற்றயோ விசாக் கடதாசியும் வரும் பிள்ளை" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு நெஞ்சு வலி இருந்தது. ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள், அந்தக் கடிதம் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது. போன மாதம் தேதியை முன்னால் மாற்றிப் புதுக் கடிதம் அனுப்பினார்கள், சிட்னியில் இருக்கும் மகளின் இமெயிலுக்கு. அப்பா போனில் எதையும் படிக்க மாட்டார் என்று, அவள் வழக்கம்போல அதை பிரிண்டருக்கு அனுப்பினாள்.

அதே நேரம் ஒருவர் தன் சங்கத்து விழா மலர் முழுவதையும் அனுப்பியிருக்கிறார். கட்டுக் கட்டாகத் தாள்.

"அப்பா, லெட்டர் அனுப்பினனான், வந்ததோ?" என்று மட்டும் மகள் கேட்டிருக்கிறாள். "ஓம் ஓம், எல்லாம் வந்தது" என்றாராம். ஃப்ரிட்ஜில் இருக்கும் கடிதம்தான் இன்னொரு தடவை வந்திருக்கிறது என்று நினைத்திருக்கிறார். தன் பெயருக்கு வந்த தாளையும் படிக்காமல் கவிழ்த்து, மலரோடு மலராகப் பெட்டியில் போட்டுவிட்டார்.

நேற்று அவர் வீட்டில் அந்த மலர்க்காரரே வாய் திறந்தார். "ஓம், ஒரு ஹொஸ்பிட்டல் கடிதம் அதுக்குள்ள கிடந்தது. ஆற்றயோ எண்டு காருக்குள்ள போட்டனான்."

யாருடையதோவா? மேலேயே பெயர் இருக்கிறதே! அவர் வீட்டுப் பெட்டியில் எடுத்தது, அவர் பெயர் போட்ட கடிதம்... ஒரு போன் பண்ணினால் உங்க விரல் தேஞ்சிடுமா என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். யாரோ என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்கள். மகள் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புதுத் தேதிக்கே போயிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. ஆனால் போயிருப்பார். ஒரு ஷிஃப்டுக்குக்கூட லேட்டாக வராத மனுஷன்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் இன்று காலை வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கேட்கிறார்... "மரண அறிவித்தலை அண்ணையின்ர பிரிண்டருக்கே அனுப்பவோ? நூறு கொப்பி."

தூ! அந்த நிமிஷமே குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

நாளையோடு அந்த முகவரியை மூடுகிறேன். விசாக் கடதாசி இருக்கிறவர்கள் மட்டும் எனக்கு அனுப்புங்கள். அச்சடித்துத் தருகிறேன், படிக்க மாட்டேன்.

மூடுவதற்கு முன்னால் அந்தப் பெயர்த் தாளைத் திரும்பப் போட்டுவிட்டேன். இரண்டு தட்டு, அவ்வளவுதான் வேலை. பிறகு ஒரே ஒரு பக்கம் அனுப்பினேன்.

முதல் தாளில் என் பெயர் இருக்கும். அடுத்தது உங்களுக்கு வந்தது அண்ணா.

கவிழ்த்து வைக்காதீங்க.