ரையனுக்கும் ரையனுக்கும் கல்யாணம்

அயர்லாந்தின் டிப்பரரியில், எங்கள் ஊர்ப் பக்கம் நின்று "ரையன்!" என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பள்ளிப் பேருந்து ஓட்டும் நோனி, ஆட்டு ரையன் வீட்டுப் பெண். மாட்டுச் சந்தையில் ஏலம் விடும் கிறிஸ்டி, செம்பட்டை ரையன். நகர நூலகத்தில் வேலை பார்க்கும் நான் கல்யாணத்தால் ரையன் ஆனவள். என் பட்டப்பெயர் கணவர் வீட்டு இரவல்.

நோனிக்கு அறுபது நெருங்குகிறது. பேருந்தில் எந்த வாலுப் பிள்ளையையும் கண்ணாடியில் ஒரு முறை முறைத்தே உட்காரவைத்துவிடுவாள். அவளிடம்தான் கிறிஸ்டி, பிங்கோ சூதாட்டம் நடக்கும் கூடத்து வாசலில் சிப்ஸ் தின்றுகொண்டே, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டான். இவளும் வாய் நிறையச் சிப்ஸோடு சரி என்றாள். மறுநாளே அவள் அண்ணன் டின்னி குட்டையைக் குழப்பினான்.

"ரெண்டு குடும்பமும் ஒரே மரத்துக் கிளைடி. பங்காளியையா கட்டிக்கப் போற? ஊரே சிரிக்கும்."

தங்கை போய்விட்டால் தனக்கு யார் சமைப்பது என்பதுதான் அவன் கவலை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தச் சொல் நோனிக்குத் தைத்துவிட்டது. சொந்தம் என்று தெரிந்தால் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று என்னிடம் வந்து நின்றாள். மாதா கோயில் பதிவேட்டில் எல்லாரும் வெறும் ஜான் ரையன், மேரி ரையன். பட்டப்பெயரையும் சேர்த்து அச்சிட்டவை பழைய செய்தித்தாள்கள்தான்.

நூலகக் கணினியில் அவற்றைத் தேடினோம். ரையன்கள் மழையாய்க் கொட்டினார்கள். உரிமம் இல்லாமல் நாய் வளர்த்த ரையன், கழுதையைச் சாலையில் அலையவிட்ட ரையன், போலீஸ்காரரின் தொப்பியை ஆற்றில் வீசிய ரையன்.

"ஐயோ, இந்த வம்சத்துல ஒரு நல்லவன்கூடவா இல்ல?" என்றாள் நோனி.

"இதோ ஒருத்தன். பெரிய டர்னிப் கிழங்கு வளர்த்துப் பரிசு வாங்கியிருக்கான்."

"யாரு, நம்மாளா?"

"வேற ரையன்டி."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மேலதிகாரி இரண்டு முறை இருமிக் காட்டினார்.

அப்போதுதான் அந்த நீதிமன்றச் செய்தி வந்தது. ஆட்டு ரையனின் ஆடு வேலியில் காய்ந்த சட்டையைத் தின்றுவிட்டதாகச் செம்பட்டை ரையன் வழக்குப் போட்டிருக்கிறார். நோனியின் கொள்ளுத்தாத்தாவும் கிறிஸ்டியின் கொள்ளுத்தாத்தாவும்! நான் உரக்கப் படித்தேன்.

"சொந்தக்காரங்கதானே, பேசித் தீர்த்துக்கக் கூடாதா?" என்கிறார் நீதிபதி.

"பைபிள் மேல சத்தியமாச் சொல்றேங்கய்யா," என்கிறார் செம்பட்டை. "எந்தத் தலைமுறையிலயும் அந்தக் கூட்டத்தோட எங்களுக்கு ஒரு சொட்டு ரத்தம் ஒட்டல, ஆண்டவர் புண்ணியத்துல."

"அவன் சொன்னதுலயே அது ஒண்ணுதான் உண்மைங்கய்யா," என்கிறார் ஆட்டு ரையன். அருகே அடைப்புக்குறிக்குள், 'சிரிப்பு' என்று அச்சிட்டிருந்தார்கள்.

நோனி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், உடனே சிரித்தாள். முதலில் டின்னிக்குப் போன் போட்டாள். "நம்ம கொள்ளுத்தாத்தா கோர்ட்டுல பொய் சொன்னாருங்கறியா? சொல்லுடா!" டின்னி போனை வைத்துவிட்டான். போன் பேசக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே நின்று அடுத்து கிறிஸ்டியைக் கூப்பிட்டாள். சந்தை இரைச்சலுக்கு நடுவே அவன் முழுக்கதையையும் கேட்டான்.

"அப்போ எங்க வீட்டுக்கு நீங்க ஒரு சட்டை பாக்கி," என்றான். "வெள்ளையா வாங்கிட்டு வா நோனி. கோயிலுக்குப் போட்டுட்டு வர்றேன்."