குழாய் இல்லாத அறை

தொழிற்சாலையில் அவளைச் 'சோடியம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணெய்க்குள் முங்கிக் கிடக்கும் சோடியக் கட்டிகளை எடுத்து, கத்தியால் அறுத்து, எடை போட்டு அனுப்புவது அவள் வேலை. அறுத்த இடம் வெள்ளியாய் மின்னும். கண் மூடித் திறப்பதற்குள் மங்கிவிடும். "புது மாப்பிள்ளை மாதிரி, பளபளப்பெல்லாம் முதல் நாளோட சரி" என்பாள். கூட அறுக்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

புருஷன் போனபின் அவளுக்கென்று மிஞ்சியது தம்பி ஒருவன்தான். அவனையும் அங்கேயே தட்டு, பாத்திரம் கழுவுகிற வேலையில் சேர்த்துவிட்டாள்.

ஒரு மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தாள். புதிதாக வந்த மேற்பார்வையாளர், அறுப்புத் தட்டு ஒன்றைத் தம்பியிடம் நீட்டினார். ஓரத்தில் ஒட்டியிருந்த துணுக்குகளை அவர் கவனிக்கவில்லை. அறை மூலையில் இருந்த தொட்டிக் குழாயைத் தம்பி திறந்தான்.

வெடிச் சத்தம் கேட்டு எச்சில் கையோடு ஓடிவந்தாள். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் கிடந்தான். உயிர் தப்பியது. பார்வை தப்பவில்லை.

வீட்டில் அவன் சுவர்ப்பக்கம் திரும்பியே உட்கார்ந்திருப்பான். "நீ இன்னும் அதைத் தொட்டுக்கிட்டுத்தானே இருக்கே?" என்று ஒருமுறை கேட்டான். வேலையை விட்டால் அடுப்பு எரியாது.

மாதங்கள் ஓடின. ஒரு நாள் சாப்பிடும்போது அவனே பேச்செடுத்தான்.

"அக்கா, தண்ணிதானே விட்டேன். ஏன் அப்படி வெடிச்சுது?"

"சோடியத்தோட வெளிவட்டத்துல ஒரே ஒரு எலக்ட்ரான் இருக்கும்டா. அதை யார் தலையிலயாவது கட்டினாத்தான் அதுக்கு நிம்மதி. குளோரினுக்கு ஒண்ணு குறையும். இது குடுக்கும், அது வாங்கிக்கும். குடுத்ததுக்கு நேர் மின்னேத்தம், வாங்கினதுக்கு எதிர் மின்னேத்தம். அந்த இழுப்புல ரெண்டும் ஒட்டிக்கும். உலோகமும் அலோகமும் பெரும்பாலும் இப்படித்தான் சேரும். அயனிப் பிணைப்புன்னு பேரு."

"சேர்ந்தா?"

"உப்பு. இப்ப நீ சாப்பிடுறதுல இருக்கே, அதே உப்பு."

அவன் கை தட்டில் அப்படியே நின்றது. "தண்ணிகிட்ட?"

"தண்ணிக்கும் குடுக்கும்டா. ஆனா அப்ப கிளம்புற ஹைட்ரஜன் வாயு அந்தச் சூட்டுல வெடிச்சுடும். மிஞ்சுறது சதையை அரிக்கிற காரம். அதுதான் உன் கண்ணை..."

"அதோட குணம் அது. அதுமேல கோவிச்சு என்ன பண்றது? அந்த ரூம்ல குழாய் எதுக்குக்கா வச்சாங்க?"

அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மேலாளர் முன்னால் போய் நின்று, அறுக்கிற அறையில் இருக்கும் குழாயை எடுக்கச் சொன்னாள்.

"கவனக்குறைவும்மா. குழாய் என்ன பண்ணும்?" என்றார் அவர்.

தம்பி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். மேலாளர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"குழாயை எடுக்கற வரைக்கும் நான் கத்தியைத் தொட மாட்டேன், சார்" என்றாள். மற்ற பெண்களும் கத்தியைக் கீழே வைத்தார்கள். அந்த வாரமே சுவரை இடித்துக் குழாயைப் பிடுங்கினார்கள்.

தம்பி அந்தத் தொழிற்சாலைப் பக்கம் மறுபடி போகவே இல்லை. வேறோர் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை கிடைத்தது. அவள் ஓய்வுபெறும்வரை அறுத்தாள். சாயங்காலம் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் அவன் கேட்பான்: "இன்னைக்கு எல்லாரும் முழுசா வீட்டுக்குப் போனாங்களா?"

"போனாங்கடா" என்பாள்.